சாட்ஸ்வர்த் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குவது ஏன்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வர்த்தில், ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற ஆண்டு தீபாவளிக் கலைவிழாவுக்காகக் கோலாட்டம் பழக்கினோம். எட்டு வயதிலிருந்து பதினொன்று வரை பதினாறு பிள்ளைகள். பாட்டு நான்கு நிமிடம்தான். இரண்டாவது சரணம் முடிவதற்குள் வட்டம் கலைந்துவிட்டது. ஒரு பையன் முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றான். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கோல்களைக் கீழே வைத்துவிட்டு, "ஆன்ட்டி, நெஞ்சு வலிக்கிறது, கொஞ்சம் உட்காரட்டுமா?" என்று கேட்டாள். பயந்துபோய் அவள் அம்மா மறுநாளே மருத்துவரிடம் காட்டினார். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. மூச்சு வாங்கிப் பழக்கமில்லாத உடல், அவ்வளவுதான் என்றாராம் மருத்துவர். அவள் ஒல்லியான பிள்ளை. என்னை உறுத்தியது அதுதான்.

பிள்ளைகளின் உடல்நலம் என்று பேச்செடுத்தால் இங்கே பெற்றோர் எடையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தராசு சரியான எண்ணைக் காட்டிவிட்டால் மனம் ஆறிவிடுகிறது. உடல்திறன் வேறு கணக்கு. இதயமும் நுரையீரலும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும், கை கால் தசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது, உடல் எவ்வளவு வளையும், ஓடவும் தாண்டவும் எறியவும் பிடிக்கவும் எவ்வளவு தேர்ச்சி இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்தது அது. ஒல்லியான பிள்ளை இதில் தோற்கலாம். சற்றே பருமனான பிள்ளை தேறிவிடலாம்.

நம் முன்னோர்கள் இதைத் தெரிந்துகொள்ள கருவி எதுவும் தேடவில்லை. சடுகுடு பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனவன் பாட்டு அறுபடாமல் திரும்பி வந்தானா என்று பார்த்தாலே பையனின் தெம்பு தெரிந்துவிடும். இன்று உலகமெங்கும் பள்ளிகளில் வைக்கிற சோதனையும் ஏறக்குறைய அதே அளவு எளிமையானது. 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ஒலிப்பதிவில் 'பீப்' சத்தம் வருவதற்குள் மறுகோட்டைத் தொட வேண்டும். மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு நிமிடம் அரை கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும். கோட்டை எட்ட முடியாதவர் விலகிக்கொள்வார். கனடாவைச் சேர்ந்த லுக் லெஜே 1980களின் தொடக்கத்தில் இதை வகுத்தார். எந்தக் கட்டம் வரை ஒரு பிள்ளை ஓடியது என்பதிலிருந்து அதன் உடல் ஆக்சிஜனை உச்சமாக எவ்வளவு பயன்படுத்துகிறது என்று கணக்கிட முடியும்.

இந்தச் சோதனையின் முடிவுகளை 19 நாடுகளிலிருந்து திரட்டி ஆராய்ந்தார்கள். 1981க்கும் 2014க்கும் இடையில் 9 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளின் தாக்குப்பிடிக்கும் திறன் சுமார் 7 விழுக்காடு குறைந்திருந்தது. சரிவின் பெரும்பகுதி 2000ஆம் ஆண்டுக்கு முன்பே நடந்துவிட்டது. பிறகு அதன் வேகம் தணிந்தது. ஜப்பானில் 1964 முதல் ஆண்டுதோறும் பிள்ளைகளின் உடல்திறனை அளந்து எழுதிவைக்கிறார்கள். அவர்களுடைய கணக்கிலும் உச்சம் 1985 வாக்கில்தான். அந்த அளவை அதன் பிறகு பல சோதனைகளில் அங்குள்ள பிள்ளைகள் எட்டவே இல்லை. ஆண்டுகளைக் கவனியுங்கள். தொடுதிரைக் கைபேசி பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிள்ளைகளின் ஓட்டம் குறையத் தொடங்கிவிட்டது. "எல்லாம் இந்த போனால் வந்தது" என்று மண்டபத்தில் பெற்றோர் சொல்லும்போதெல்லாம் நான் இந்த ஆண்டுகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். போன் வந்து, ஏற்கெனவே காலியாக இருந்த மாலை நேரத்தில் உட்கார்ந்துகொண்டது. அந்த மாலையைக் காலி செய்தது யார் என்று கேட்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் ஜப்பானைப் போல ஆண்டுதோறும் நாடு முழுக்க எடுக்கும் அளவீடு இல்லை. இருக்கிற ஆய்வுகள் இரண்டு முகங்களைக் காட்டுகின்றன. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 27 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் குன்றியிருந்தார்கள். அதே வயதில் 13 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். ஒரே நாட்டில், சில வேளைகளில் ஒரே தெருவில், இரண்டும் நடக்கிறது. போர்ட் எலிசபெத் நகரின் ஏழைப் பள்ளிகளில் ஆய்வாளர்கள் பிள்ளைகளைக் கோடுகளுக்கிடையே ஓடவிட்டுப் பார்த்தபோது, வயிற்றில் புழு இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னதாகவே தளர்ந்தார்கள். உடல்திறன் குறைவதற்கு வசதி மட்டுமே காரணம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அரசு 1994இல் தொடங்கிய பள்ளி உணவுத் திட்டம் இன்றும் பல பிள்ளைகளுக்கு நாளின் முதல் வேளைச் சாப்பாடு.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனிக் கவலை உண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் நங்கூரமிட்டது. அன்று முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,000க்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக ஏறியவர்கள். விடிகாலையிலிருந்து கரும்பு வெட்டிய அந்தப் பாட்டன்மாரின் கொள்ளுப்பேரர்களிடம்தான் டர்பன் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக மிக அதிகமான நீரிழிவைக் காண்கிறார்கள். எங்கள் தெருவில் 'சுகர்' இல்லாத வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதற்கும் பிள்ளையின் ஓட்டத்துக்கும் என்ன தொடர்பு? புனே நகரில் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கின் குழு, அந்நகரை அடுத்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சௌதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. எடை குறைவாகப் பிறந்த இந்தியக் குழந்தைகளிடம் தசை சிறுத்திருந்தது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. 'ஒல்லியான கொழுத்த குழந்தை' என்று அதைச் சொல்கிறார்கள். சாப்பாட்டிலிருந்து இரத்தத்துக்கு வரும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. அந்தத் தசை வேலை செய்து பழகினால்தான் இன்சுலினின் சொல்லைக் கேட்கும். பிறவியிலேயே தசை குறைவாக உள்ள பிள்ளைக்கு ஓட்டமும் தாண்டலும் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை. நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. "நம் பிள்ளை பூஞ்சை உடம்பு, ஓடியாட விடாதே" என்று பொத்திவைக்கிறோம். கோலாட்டத்தில் உட்காரக் கேட்ட அந்தச் சிறுமியை நினைத்து எனக்குத் தூக்கம் வராமல் போனது இதனால்தான்.

சரி, மாலையைக் காலி செய்தது யார்?

பள்ளியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே நடந்தது பலருக்குத் தெரியாது. 1970களில் இதே சாட்ஸ்வர்த்தில் நான் படித்தபோது 'பி.டி.' என்று ஒரு பாடவேளை இருந்தது. அதற்கென்று ஒரு சார் இருந்தார். கழுத்தில் விசில், கையில் சுண்ணாம்பு வாளி. வெள்ளையர் பள்ளிகளில் இருந்த புல்தரையும் நீச்சல்குளமும் எங்களுக்குக் கிடையாது. சரளைக்கல் மைதானத்தில் முழங்கால் சிராய்த்துக்கொண்டு ஓடினோம். அந்த நாட்களைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. நிறவெறி அரசு எங்களுக்குக் கொடுத்தது எச்சில் சோறு. டர்பனில் 1973இல் உருவான தென்னாப்பிரிக்க விளையாட்டுக் கவுன்சில், இயல்பற்ற சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது என்று முழங்கியதை மறந்துவிட முடியாது. ஆனாலும் விசில் வைத்திருந்த ஒரு ஆள் இருந்தார் என்பது உண்மை.

1994இல் நிறவெறி ஆட்சி ஒழிந்து விடுதலை வந்த பின், 1998 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் உடற்கல்வி தனிப் பாடமாக இல்லாமல் போனது. வாழ்க்கை நெறி என்னும் பெரிய பாடத்துக்குள், எய்ட்ஸ் விழிப்புணர்வு, குடிமைப் பண்பு, தொழில் வழிகாட்டல் ஆகியவற்றோடு அதையும் ஒரு பிரிவாகச் சேர்த்தார்கள். நோக்கம் கெட்டதல்ல, பிள்ளையை முழு மனிதராகப் பார்க்க நினைத்தார்கள். ஆனால் தனிப் பாடம் போனதும் தனி ஆசிரியர் போனார். அதே காலத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் மூடப்பட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்கப்பட்டன. உடற்கல்வி மட்டும் கற்றுத் தேர்ந்த ஆசிரியர் தொடக்கப் பள்ளிக்கு வருவது அரிதாகிவிட்டது. கணக்கும் ஆங்கிலமும் நடத்தும் வகுப்பாசிரியையே குதிகால் செருப்போடு மைதானத்துக்கும் போக வேண்டும் என்றானது.

2012 முதல் படிப்படியாக வந்த இன்றைய பாடத்திட்டம் நேரத்தைத் தெளிவாகவே வகுத்திருக்கிறது. மூன்றாம் வகுப்பு வரை வாரம் 2 மணி நேரம் உடற்கல்வி. நான்கு முதல் ஆறாம் வகுப்பு வரை வாரம் 1 மணி நேரம். பிள்ளையின் எலும்பும் தசையும் வேகமாக வளரத் தொடங்கும் வயதில் நேரம் பாதியாகிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இயங்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பள்ளி முழு வாரத்துக்கும் தருவது அதில் ஒரு நாள் பங்கு.

அந்த ஒரு மணி நேரமாவது கிடைக்கிறதா? என் பேரன் படிக்கும் பள்ளியில் (பெயர் வேண்டாம், இது அந்தப் பள்ளியின் குற்றம் மட்டுமல்ல) ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரப் பாடவேளை. வரிசையாக வந்து சேர ஏழு நிமிடம். காலணி மாற்றிக்கொள்ள, வருகை சொல்ல ஐந்து நிமிடம். நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு பந்து. என் பேரன் தன் முறைக்காகக் காத்து நின்றான். முறை வந்தபோது பந்தை உதைத்துவிட்டுக் கூம்பைச் சுற்றி ஓடி வந்து வரிசையின் கடைசியில் நின்றான். மொத்தமாக அவன் ஓடியது மூன்று நிமிடம்கூட இருக்காது. தேர்வு நெருங்கிய பிறகு அந்த அரை மணியும் கணக்குத் திருப்புதலுக்குப் போய்விட்டது. அட்டவணையில் மட்டும் உடற்கல்வி என்றே எழுதியிருந்தது. மதிப்பெண் அறிக்கையிலும் நல்ல மதிப்பெண், ஏனென்றால் கலந்துகொண்டாலே மதிப்பெண் உண்டு. அந்த ஆசிரியையை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது பிள்ளைகளில் ஒருவன் விழுந்து கையை உடைத்துக்கொண்டால் பெற்றோர் சண்டைக்கு வருவது அவரிடம்தான்.

இதற்குள் இன்னொரு சுழல் இருக்கிறது. ஓடுவது, எறிவது, பிடிப்பது, ஒற்றைக்காலில் தாவுவது எல்லாம் தானாக வருபவை என்று நினைக்கிறோம். அவையும் எழுத்துப் போல, சொல்லிக்கொடுத்துப் பழக்கினால் வருபவை. தொடக்கப் பள்ளி வயதுதான் அதற்கு ஏற்ற காலம். அப்போது பந்து பிடிக்கப் பழகாத பிள்ளை பத்து வயதில் ஆட்டத்துக்குப் போனால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அடுத்த முறை வயிற்றுவலி என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. ஒதுங்குவதால் திறன் மேலும் குறைகிறது. பெண்பிள்ளைகள் இதில் முதலில் விழுகிறார்கள். ஒன்பது, பத்து வயதிலேயே "போதும், கறுத்துப்போவாய்" என்று வீட்டுக்குள் அழைத்துவிடுகிறோம். இதை நம் வீட்டுப் பெண்களே சொல்வதுதான் எனக்கு வேதனை.

இரண்டாவது இழப்பு நடை. சாட்ஸ்வர்த் எப்படி உருவானது என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று வரையறுத்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் நம் குடும்பங்களைப் பெயர்த்து 1960களில் இந்தக் குன்றுகளில் கொண்டுவந்து கொட்டினார்கள். வெள்ளையர் டர்பனுக்கும் உம்லாசி கறுப்பர் நகரியத்துக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் போல எங்களை வைத்தார்கள். சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய சிறு வீடுகள். முற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எனவே தெருவே முற்றமானது. பள்ளிக்கு மேடேறிப் போய் இறங்கி வருவோம். சாயங்காலம் தெருவில் 'மூன்று தகரம்'. காலி டின் மூன்றை அடுக்கி, பந்தால் அடித்துக் கலைத்து, எதிரணி பந்தோடு துரத்துவதற்குள் திரும்ப அடுக்க வேண்டும். இருட்டி, ஆயா வாசலில் நின்று கூப்பிடும் வரை ஆட்டம் நிற்காது. அதை உடற்பயிற்சி என்று யாரும் சொன்னதில்லை. இப்போது கணக்குப் போட்டால் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது.

1994க்குப் பிறகு எந்தப் பள்ளியிலும் சேரலாம் என்ற கதவு திறந்தது. அது போராடிப் பெற்ற உரிமை. வசதி கூடியவர்கள் நகரத்தின் பழைய வெள்ளையர் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். விளைவு, ஐந்தரை மணிக்கு எழுந்து ஆறரைக்குப் பள்ளி வேனில் ஏறும் பிள்ளை மூன்று மணிக்கு மேல் இறங்குகிறது. அதன் பிறகு டியூஷன். பக்கத்துப் பள்ளிக்கே போகும் பிள்ளையையும் இன்று நடக்கவிட அஞ்சுகிறோம். அந்த அச்சம் பொய்யல்ல. பள்ளிக்குப் போகும் வழியில் கார் கடத்தலில் பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்தை இந்த ஊர் பார்த்திருக்கிறது. தெருமுனையில் போதைப்பொருள் கைமாறுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே இரும்புக் கதவைப் பூட்டுகிறோம். பூட்டிய கதவுக்குள் பிள்ளை பத்திரமாக இருக்கிறது, அசையாமலும் இருக்கிறது. "பிள்ளைகள் சோம்பேறிகள்" என்று சொல்லும் பெரியவர்களிடம் நான் கோபப்படுவது இதனால்தான். நடையை எடுத்தோம், தெருவை எடுத்தோம், விசில் வைத்திருந்த சாரை எடுத்தோம். பிள்ளை எங்கே ஓடும்?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது இருந்ததும் போனது. பிறகு மாதக்கணக்கில் நாள்விட்டு நாள் பள்ளி, இடைவேளையிலும் ஒருவரை ஒருவர் தொடக் கூடாது. அந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட வேண்டிய வயதை வீட்டுக் கூடத்தில் கழித்தவர்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. 2018 ஏப்ரல் முதல் இனிப்புப் பானங்களுக்கு அரசு வரி போடுகிறது. 100 மில்லிலிட்டரில் 4 கிராமுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் 2.1 சென்ட் என்று தொடங்கியது. நல்ல சட்டம். ஆனால் சர்க்கரையைக் குறைப்பதால் மட்டும் மூச்சு நீளாது. அதற்கு ஓடத்தான் வேண்டும்.

வசதியுள்ளவர்கள் கிரிக்கெட் பயிற்சிக்கும் நீச்சலுக்கும் பணம் கட்டிச் சேர்க்கிறார்கள். நம் டர்பன் பையன் செனுரன் முத்துசாமி நாட்டு அணிக்கு டெஸ்ட் ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்து நெஞ்சு நிமிர்கிறோம். நிமிரட்டும். ஆனால் வாரம் இருமுறை பயிற்சிக்குப் போகும் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் எங்குமே போகாத பல பிள்ளைகள் இருக்கிறார்கள். திறமையுள்ளவனைத் தேடி எடுப்பது விளையாட்டுத் துறையின் வேலை. எல்லாப் பிள்ளைகளையும் மூச்சு வாங்க வைப்பது பள்ளியின் வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான், ஆண்டு விளையாட்டு விழாவில் பத்துப் பேர் ஓட மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

நம்பிக்கை தருவது, பிள்ளைகளின் உடல் சீக்கிரம் மீளும் என்பது. சில வாரங்கள் தொடர்ந்து ஓடினாலே இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளப் பழகிவிடுகிறது. தசை ஆக்சிஜனை நன்றாகப் பயன்படுத்தத் தொடங்குகிறது. அந்த 60 நிமிடத்தையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் கணக்குத்தான். ஸ்காட்லாந்தில் ஸ்டிர்லிங் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் 2012இல் ஒரு தலைமையாசிரியை, பிள்ளைகளைத் தினமும் 15 நிமிடம் பள்ளியைச் சுற்றி ஓடவோ நடக்கவோ விட்டார். சீருடை மாற்றவில்லை, பந்து வாங்கவில்லை, தனி ஆசிரியர் தேடவில்லை. அது பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நாற்பது பிள்ளைகளும் இரண்டு பந்தும் உள்ள நம் பள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. வரிசையில் நிற்கும் நேரமே இதில் கிடையாது.

பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் கணக்கு மதிப்பெண்ணைக் கேட்டுவிட்டு எழுந்துவிடாமல் இன்னும் ஒன்று கேட்கலாம்: இந்த வாரம் என் பிள்ளையின் உடற்கல்வி வேளை எந்தக் கிழமை, அன்று என்ன செய்தார்கள்? பாடத்திட்டத்தில் எழுதியிருக்கும் நேரத்தைக் கேட்க யாருடைய அனுமதியும் வேண்டாம். நாங்கள் ஆறு பேர் கேட்டோம். அடுத்த பருவத்திலிருந்து அந்த அரை மணி திருப்புதலுக்குப் போகவில்லை.

எங்கள் மண்டபத்தின் கார் நிறுத்துமிடம் இருபது மீட்டருக்குச் சற்று அதிகம். சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டோம். எட்டரை மணிக்குள் கார்களைக் கேட்டுக்கு வெளியே எடுத்துவிடும்படி பெற்றோரைக் கேட்டுக்கொண்டோம். முதல் சனிக்கிழமை இரண்டு தகப்பனார்கள் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களே மூன்று தகரம் ஆட்டத்துக்குக் காலி டின் கொண்டுவருகிறார்கள். முதல் அரை மணி நேரம் ஓட்டம், பிறகுதான் அரிச்சுவடி. கோலாட்டத்தில் உட்காரக் கேட்ட அந்தப் பிள்ளை மார்ச் மாதம் கோட்டுக்குக் கோடு பதினோரு முறை ஓடினாள். போன வாரம் இருபத்து நான்கு. நெஞ்சில் கையை வைத்துப் பார்த்து, "டமடம என்று அடிக்கிறது ஆன்ட்டி" என்று தோழிகளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். அடுத்த சுற்றில் ஓடுகிறவர்களை யார் எண்ணுவது, தமிழில் முப்பதுக்கு மேல் யாருக்கு எண்ணத் தெரியும் என்பதில் அவர்களுக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது.